வேப்பனப்பள்ளி: ஓடாத எஞ்சினுக்கு எப்போது ஆயில் மாற்றுவது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் வழியில், குருபரப்பள்ளியில் தேசிய நெடுஞ்சாலையை விட்டு வலது கைப்பக்கம் திரும்பினால் வேப்பனப்பள்ளி சாலை. லாரி இரைச்சல் குறைந்து மாந்தோப்பு தொடங்குகிறது. பாறைக் குன்றுகள், அவற்றின் அடிவாரத்தில் செம்மண், கேழ்வரகுக் காடு, குச்சி நட்டுக் கட்டிய தக்காளி. வடக்கே கொஞ்ச தூரம் போனால் கர்நாடகாவின் கோலார் மாவட்டம். கிழக்கே ஆந்திராவின் குப்பம். பஸ்ஸில் 'வேப்பனப்பள்ளி' என்று போட்டிருக்கும்; சட்டமன்றத் தொகுதியின் பெயரோ 'வேப்பனஹள்ளி'. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர் இது. மெக்கானிக் கடையில் மட்டும் மொழிச் சிக்கலே கிடையாது. 'ஆயில்' என்றால் மூன்று மொழிக்காரருக்கும் ஆயில்தான்.

விடியற்காலையில் இந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை 1980-ல் வந்தது. அதே ஆண்டு அதே ஊரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட்டும் வெளியே வந்தது. அப்போது ஓசூரோடு நின்றிருந்த தொழிற்சாலைகள் இப்போது சூளகிரி, குருபரப்பள்ளி வரை வந்துவிட்டன. வீட்டில் ஒருவர் ஷிப்டுக்குப் போகிறார். வாராந்திர விடுமுறை நாளில் தோட்டத்தில் இறங்குகிறார். கூலிக்கு ஆள் கிடைக்காத குறையை மெஷின் வாங்கித் தீர்த்துக்கொள்கிறார்கள். மானியத்தில் வாங்கிய பவர் வீடர், மாமரத்துக்கு மருந்தடிக்க ஒரு பவர் ஸ்பிரேயர், புல் வெட்ட ஒரு பிரஷ் கட்டர், சிலரிடம் மினி டிராக்டர். எல்லாம் இருக்கிறது, ஆனால் எதுவும் அதிகம் ஓடுவதில்லை. மூன்று ஏக்கர் மாந்தோப்புக்கு ஒரு பிரஷ் கட்டர் வருடத்தில் எத்தனை மணி நேரம்தான் ஓடும்?

இப்படி மெஷின் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "புக்குல 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னு போட்டிருக்கு. நம்ம வண்டி வருஷத்துக்கு 60 மணி நேரம் ஓடினாலே பெருசு. அப்ப நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதும்தானேண்ணா?"

கணக்கு சரி, விடை தப்பு. அதே கையேட்டில், மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே மாதக் கணக்கோ வருடக் கணக்கோ ஒன்று இருக்கும். 'எது முதலில் வருகிறதோ அது' என்றும் எழுதியிருக்கும். நிறைய ஓடும் வண்டிக்கு மணி நேரம் முதலில் வரும். வேப்பனப்பள்ளிப் பக்கத்து மெஷின்களில் முக்கால்வாசிக்கு மாதம்தான் முதலில் வரும்.

சும்மா நிற்கும் ஆயில் எப்படிக் கெடும்?

டப்பாவில் சீல் உடைக்காமல் இருக்கும் ஆயில் வருடக்கணக்கில் கெடாது. எஞ்சினுக்குள் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, நிறுத்திவைத்த ஆயில்தான் கெடும். காரணம், அது தனியாக இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்ஸர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் தொட்டிக்குள் இறங்கும். எரியாத டீசல், பெட்ரோல், கரி, புகையில் உள்ள அமிலம் ஆகியவையும் கூடவே இறங்கும்.

எஞ்சின் ஒரு மணி நேரம் பாரத்தோடு ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகும். சேர்ந்த தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியாக வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் வெளியேற நேரம் இல்லை. மறுநாளும் பத்து நிமிடம் ஓட்டினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேரும். அதனால், நீளமாக உழும் டிராக்டரின் 60 மணி நேரமும், பத்துப் பத்து நிமிடமாக ஓடிய மெஷினின் 60 மணி நேரமும் ஆயிலுக்கு ஒன்றல்ல.

அமிலத்தை முறிப்பதற்கென்றே ஆயிலில் காரத்தன்மை உள்ள மருந்துகளைச் சேர்த்திருப்பார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகித் தீரும். அதன் பிறகு அமிலம் பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரிக்கத் தொடங்கும். எஞ்சின் நிற்கும்போதும் இந்த அரிப்பு நிற்பதில்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 டீசல் வருகிறது. முன்பு பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்த கந்தகம் இதில் 10 பங்குதான். அப்பா காலத்து டீசல் உண்டாக்கிய அளவுக்கு இன்றைய டீசல் அமிலம் உண்டாக்காது. தண்ணீர்ப் பிரச்னை மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் இறங்கும் பனியைச் சொல்லவே வேண்டாம். இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் காலை ஈரக்காற்று பட்டால் உள்ளேயும் வியர்க்கும். பாதி காலியான டீசல் டேங்கிலும் இதே கதை. நிறுத்திவைக்கும் டிராக்டரின் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கே பலரிடமும் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். 'வண்டி செத்துப்போயிடக் கூடாது' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து, புகை வந்ததும் திருப்தியாக நிறுத்திவிடுவது. நல்ல எண்ணம்தான், ஆனால் எஞ்சினுக்கு இதைவிடக் கெடுதல் குறைவு. குளிர்ந்த எஞ்சினில்தான் எரிபொருள் அதிகமாக ஆயிலில் இறங்கும். தண்ணீரும் அப்படியே தங்கும். ஸ்டார்ட் செய்தால் அரை மணி நேரமாவது ஏர் பூட்டியோ டிரெய்லர் மாட்டியோ ஓட்ட வேண்டும். அதற்கு வேலை இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிடுவதே மேல். பேட்டரிதான் கவலை என்றால் ஒயரைக் கழற்றி வைத்தால் போதும்.

ஆற்றோரத்து ஆயில் எஞ்சின்

கோலார் பக்கத்திலிருந்து வரும் மார்க்கண்டேய நதி இந்த வட்டாரத்தைத் தொட்டுக்கொண்டு தென்பெண்ணையில் சேர்கிறது. இந்தப் பகுதி விவசாயத்துக்குப் பழைய துணை அது. கோலார் மாவட்டம் யார்கோளில் இந்த நதியின் குறுக்கே கர்நாடகா அணை கட்டியது. அதை எதிர்த்துத் தமிழ்நாடு போட்ட மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆற்றை நம்புவது குறைந்து போர்வெல்லை நம்புவது கூடியிருக்கிறது.

ஆனால் டீசல் பம்ப்செட்டுகள் ஓரங்கட்டப்பட்டது அதற்கும் முன்பே. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு, ஊர் ஊராக 'டக் டக்' என்று கேட்ட ஆயில் எஞ்சின்கள் கொட்டகைக்குள் போய்விட்டன. (டீசலில் ஓடினாலும் தமிழ்நாட்டில் அதற்கு ஆயில் எஞ்சின் என்றுதான் பெயர்.) விற்க மனம் வராமல் சாக்குப் போட்டு மூடிவைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. டிரான்ஸ்பார்மர் எரிந்து பத்து நாள் கரண்ட் இல்லாத சமயத்தில் தக்காளியைக் காப்பாற்றுவது அந்தக் கிழட்டு எஞ்சின்தான்.

இப்படி அவசரத்துக்கென்று நிற்கும் எஞ்சினுக்கு வருடம் ஒரு ஆயில் மாற்றம் போதும். மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும். நிற்கும் மாதங்களில் அதை எரியவிட வேண்டியதில்லை. டீசலை அடைத்துவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, கைப்பிடியால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால் போதும். பேரிங், சிலிண்டர் எல்லாவற்றிலும் ஆயில் படிந்துவிடும். தண்ணீரும் சேராது, அமிலமும் சேராது. மாதம் ஒருமுறை இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

மாம்பூவும் நூறு மில்லி ஆயிலும்

மாவட்டத்தின் பேர்பெற்ற பயிர் மா. மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் 'பெங்களூரா' ரகம்தான் அதிகம். பூ எடுக்கும் மார்கழி, தை மாதங்களில் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்தடிக்க ஸ்பிரேயர் வெளியே வரும். பிஞ்சு பிடித்து, மாசி பங்குனியில் கடைசி மருந்து முடிந்ததும் கொட்டகைக்குள் போகும். தக்காளி, அவரை வைத்திருந்தால் நடுவில் கொஞ்சம் ஓடும். இல்லையென்றால் அடுத்த பூவுக்குத்தான்.

ஆயில் மாற்றுவது எப்போது? சீசன் தொடங்கும்போது புது ஆயில் ஊற்றுபவர்களே பார்வைக்குக் கவனமான ஆட்களாகத் தெரிவார்கள். ஆனால் எட்டு மாதம் அந்த எஞ்சின் எதில் ஊறிக்கொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். போன சீசனின் தண்ணீரும் அமிலமும் கரியும் கலந்த ஆயிலில்தான். சீசன் முடிந்து மெஷினை உள்ளே வைக்கும் நாள்தான் ஆயில் மாற்றச் சரியான நாள். கடைசித் தோப்புக்கு மருந்தடித்து வந்ததும், எஞ்சின் சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை வடித்துவிட வேண்டும். சூடாக இருந்தால்தான் அடியில் படிந்த அழுக்கும் சேர்ந்து வரும். புது ஆயில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, அது எல்லா இடத்திலும் பரவியதும் நிறுத்தி மூடிவைக்கலாம். அடுத்த மார்கழியில் அதே ஆயிலோடு தைரியமாக ஸ்டார்ட் செய்யலாம்.

சின்ன பெட்ரோல் எஞ்சினில் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆயில் பில்டரே கிடையாது. டிராக்டரில் ஏழெட்டு லிட்டர் ஆயில், அதோடு பில்டர். பிரஷ் கட்டரில் அதிகம் பயன்படும் ஹோண்டா ஜி.எக்ஸ்.35 எஞ்சினில் இருப்பது 100 மில்லி. ஒரு டீ டம்ளர் அளவு. அழுக்கைத் தாங்க அதில் என்ன இருக்கிறது? அதன் கையேடு முதல் மாதத்தில் அல்லது 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 6 மாதம் அல்லது 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. பவர் வீடர்களில் வரும் ஜி.எக்ஸ்.160 எஞ்சினுக்கு முதலில் ஒரு மாதம் அல்லது 20 மணி நேரம். பிறகு 6 மாதம் அல்லது 100 மணி நேரம். அதில் பிடிப்பது அரை லிட்டருக்குச் சற்று மேல். வேறு கம்பெனி எஞ்சின் என்றால் அதன் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். எதுவானாலும் முதல் ஆயில் மாற்றத்தைத் தவறவிடக் கூடாது. புது எஞ்சினில் தேய்ந்து உதிரும் இரும்புத் தூள் அந்த ஆயிலில்தான் மிதக்கும்.

வருடத்துக்கு 15 மணி நேரம் ஓடும் பிரஷ் கட்டருக்கு 6 மாதக் கணக்கு பார்க்க வேண்டுமா என்றால், சீசன் முடிவில் வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றினாலே போதுமானது. 100 மில்லியில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. மழை நின்று புல் வெட்டும் வேலை முடிகிற தை மாதம் அதற்குத் தோதான நாள். அன்றைக்கே டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

எச்.டி.பி. ஸ்பிரேயர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்கு ஒரு ஆயில், பம்புக்கு ஒரு ஆயில். பம்பின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஆயில் பால் மாதிரித் தெரிந்தால் சீல் போய் மருந்துத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். ஆயில் மாற்றினால் மட்டும் அது தீராது, சீலையும் மாற்ற வேண்டும்.

டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் குழப்பமும் இங்கே நிறைய. தலைமுறையாக டி.வி.எஸ். மொபெட்டில் பால் கேனும் தக்காளிக் கூடையும் ஏற்றிப் பழகிய ஊர். பழைய மொபெட்டில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலந்து ஊற்றினால் வேலை முடிந்தது. ஆயில் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. 2015-ல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக். அதில் தனியாக எஞ்சின் ஆயில் உண்டு, அதை மாற்றவும் வேண்டும். ஸ்பிரேயரிலும் பிரஷ் கட்டரிலும் இரண்டு வகையும் ஒரே கடையில் விற்கின்றன. ஆயில் அளவுகோல் இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். அதற்குத் தனிப் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். புது ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பல ஆயில் ஊற்றாமலே பெட்டியில் வரும். பார்க்காமல் கயிறு இழுத்தால் முதல் நாளே எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

டிராக்டரின் கணக்கு

டிராக்டரின் மாதங்கள் வேறு. கோடை மழைக்கு உழவு, ஆடியில் கேழ்வரகு, ஐப்பசியில் மாந்தோப்பு உழவு, கார்த்திகை மார்கழியில் அறுவடை. கதிர் முற்றும் நாட்களில் எல்லைக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும் என்பதால் அறுவடையை யாரும் தள்ளிப்போடுவதில்லை. அதன் பிறகு பெரிய வேலை மாங்காய் ஏற்றும்போதுதான். நடுவில் தை முதல் பங்குனி வரை நிறுத்தம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போது ஆயில் மாற்றும் பழக்கம் உள்ளவர்கள் உண்டு. மாற்றாமல் விடுவதற்கு அது எவ்வளவோ தேவலை. ஆனால் மாட்டுப் பொங்கலுக்குக் கழுவிப் பொட்டு வைக்கும்போது மாற்றினால் நிறுத்தம் முழுவதும் எஞ்சின் சுத்தமான ஆயிலில் இருக்கும்.

செலவைப் பார்ப்போம். லிட்டர் 300 ரூபாய், ஏழு லிட்டர், பில்டருக்கு 400 என்று வைத்துக்கொண்டால் 2,500 ரூபாய். 60 மணி நேரம் ஓடும் வண்டிக்கு மணிக்கு 42 ரூபாய் வருகிறது. கம்பெனிச் சம்பளத்திலிருந்து டிராக்டர் தவணை கட்டுபவருக்கு இது சின்னத் தொகை இல்லைதான். கையேட்டில் உள்ள தரத்தில் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்த போதெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாரத்தோடு ஓட்டிய டிராக்டர், ஒன்றரை வருடம் போனால் உடனே கெட்டுவிடாது. அந்தச் சலுகை பத்து நிமிட ஓட்டம் ஓடிய வண்டிக்குக் கிடையாது. வாரண்டியில் உள்ள வண்டிக்கும் கிடையாது. தேதி தவறினால் வாரண்டி கேட்கும்போது சிக்கலாகும்.

மணி நேர மீட்டர் வேலை செய்யாத டிராக்டர்கள் நிறைய. டீசலை வைத்தே கணக்குப் போடலாம். 40 எச்.பி. வண்டி உழவில் மணிக்குச் சுமார் நான்கு லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், 1,000 லிட்டர் டீசல் ஏறக்குறைய 250 மணி நேரம். 5 எச்.பி. ஆயில் எஞ்சினுக்கு லிட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைக்கலாம். பம்ப்செட் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினாலும் போதும், தேதியும் சேர்த்து எழுத வேண்டும்.

நிறத்தைப் பார்த்து ஏமாறவும் கூடாது. டீசல் எஞ்சினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னோடு சுமந்துகொண்டு போவதுதான் அதன் வேலை. கறுப்பு என்பதால் கெட்டது என்றும் இல்லை, தெளிவாகத் தெரிவதால் நல்லது என்றும் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால் டீ நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அளவுகோலில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ இறங்குகிறது. முகர்ந்தால் பெட்ரோல் வாசம் வந்தால் தேதியே பார்க்க வேண்டாம், வடித்துவிடலாம்.

பழைய டிராக்டர்களில் காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்திலும் ஆயில் இருக்கும். இந்தச் செம்மண் புழுதியில் எஞ்சின் ஆயிலைவிட வேகமாகக் கெடுவது அதுதான். புழுதி உழவின்போது அதைத் தினமும் திறந்து பார்ப்பவரின் வண்டி சீக்கிரம் போருக்கு வராது.

வடித்த ஆயிலை என்ன செய்வது? மாமரத்தடியில் கரையான் புற்றுக்கு ஊற்றுவது பல தோப்புகளில் நடக்கிறது. வேலிக் கம்பத்துக்குப் பூசுவதும் உண்டு. வேர் இருக்கும் மண்ணில் அதை ஊற்றக் கூடாது. கிணற்றருகே, போர்வெல் குழியருகே கூடவே கூடாது. 2016-ம் ஆண்டின் விதிகளில் பழைய ஆயில் அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. அதில் கலந்திருக்கும் உலோகத் துகளும் கரியும் மண்ணில் மட்குவதில்லை. ஒரு பழைய ஐந்து லிட்டர் கேனில் சேர்த்துவைத்து, மூடியை இறுக்கி, அடுத்தமுறை டவுனுக்குப் போகும்போது பெரிய ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடலாம். அங்கே பேரலில் சேர்த்துவைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்புகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. கேனில் தண்ணீரோ மருந்து மிச்சமோ கலந்திருந்தால் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.